தெரியாது என்று எழுதிய இரண்டு கட்டங்கள்

செவ்வாய்க்கிழமை காலை வாகட் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அந்தோணியிடமிருந்து ஃபோன் வந்தது. ரோஸ்லினின் தம்பி. "அண்ணே, அக்கா பூட்சி. காலைல அஞ்சு மணிக்கு. கல் சார் பஜே கிர்க்கி சர்ச்சுக்கு வந்துடுங்க" என்றார். நாளை நாலு மணி என்பது மட்டும் இந்தியில் வந்தது. எட்டு மாதமாக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர், எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் பஸ் வந்து நின்று, டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போன பிறகுதான் பஸ் வந்ததே எனக்கு உறைத்தது.

மராத்தி பேசும் இந்த ஊரில், கிர்க்கித் தமிழர்களில் ரோஸ்லினைத் தெரியாதவர்கள் குறைவு. சவரிமுத்து ஐயாவின் மூத்த மகள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டாம் வரிசையில் உட்காருபவர், ஸ்கூட்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுபவர் என்று அறிந்திருப்பீர்கள். அவர் என்ன வேலை செய்தார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது எனக்குச் சந்தேகம்தான். தொண்ணூறுகளில் போசரிப் பக்கம் ஒரு கம்பெனியில் ராடார் கருவிகளுக்கான பாகங்களைச் சோதித்து அனுப்பும் இன்ஸ்பெக்டராக இருந்தார். அந்தக் கம்பெனி பெங்களூருக்கு இடம் மாறியபோது, அப்பாவைத் தனியே விட முடியாது என்று இங்கேயே தங்கிவிட்டார். பிறகு கேம்ப் பகுதியில், மாடிப்படி குறுகிய ஒரு பழைய கட்டடத்திலிருந்து வெளிவந்த ஆங்கில விமானவியல் மாத இதழில் தொழில்நுட்பத் தகவல்களைச் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். நான் அங்கே துணை ஆசிரியர். ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான்.

நான் கோயம்புத்தூர்க்காரன். அவர் பேசியது குடியாத்தம் தமிழ், ஆனால் பாதி வழியில் மராத்தி ஏறிக்கொள்ளும். முதல் நாள் நான் மரியாதையாக, "மேடம், நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டேன். "நான் இதே ஊரு. நீ வெளியூர்க்காரன்" என்றார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவார், ஆசிரியரைத் தவிர. அது ஃபாக்டரிப் பழக்கம் என்று அவரே ஒருநாள் சொன்னார்.

ராடார் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் திட்டித் தெரிந்துகொண்டது. ஒருமுறை ஏதோ ஒரு விமானத்தின் ராடார் இத்தனை கிலோமீட்டர் தூரம் பார்க்கும் என்று எழுதி அவர் மேசையில் வைத்தேன். பென்சிலால் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். என்ன தப்பு என்று கேட்கப் போனேன்.

"எவ்ளோ தூரம் பாக்கும்னு அப்புறம் சொல்லு. எதைப் பாக்கும்? பஹ்லே அதைச் சொல்லு."

"விமானத்தைத்தானுங்க பாக்கும்."

"அரே, பர்வதி மலை மேல நின்னா ஸ்வார்கேட்ல பஸ் தெரியுமா?"

"தெரியும்."

"பஸ்ல தொங்கறவன் கைல இருக்கிற டிக்கெட் தெரியுமா? அதே கண்ணுதானே?"

பெரிய சரக்கு விமானம் ராடாருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும், சின்னப் போர் விமானம் கிட்டே வந்தால்தான் தெரியும். எந்த அளவு இலக்கு என்று சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்வது பாதிப் பொய் என்பது அவர் கட்சி. ஒரே ராடார் இரண்டு மடங்கு தூரத்தில் பார்க்க வேண்டுமானால், எதிரே வருவது பதினாறு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நான் பி.ஏ. படித்தவன். பதினாறு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அட்டவணையில் ஒரு கட்டத்துக்கு நம்பத்தகுந்த எண் கிடைக்காவிட்டால், அதைக் காலியாக விடமாட்டார். பென்சிலால் தமிழில் 'தெரியாது' என்று எழுதுவார். தமிழில் அவர் தயங்காமல் எழுதிய சொற்கள் பத்தோ பதினைந்தோ இருக்கும், அதில் இது ஒன்று. ஏன் தமிழில் என்று கேட்டதற்கு, "இங்கிலீஷ்ல எழுதினா சார் பாத்துட்டு, எதையாவது போடுன்னுவாரு. இது உனக்கும் எனக்கும்தான்" என்றார். அந்தக் கட்டத்தை அச்சில் சிறு கோடாக மாற்றுவது என் வேலை. இரண்டு மூன்று வருடம் ஒழுங்காகத்தான் நடந்தது.

நம் விமானப்படைக்கு வெளிநாட்டிலிருந்து புதிய போர் விமானங்கள் வாங்கப்போகிறார்கள் என்று பேச்சு சூடாக இருந்த காலம். ஐரோப்பாவின் மூன்று விமானங்களை, ரஃபேல், யூரோஃபைட்டர், கிரிபன் ஆகியவற்றை, ராடாரையும் மற்றக் கண்களையும் மட்டும் வைத்து ஒப்பிட்டு அட்டைப்படக் கட்டுரை போடுவோம் என்றார் ஆசிரியர். கட்டுரையை ரோஸ்லினே எழுதட்டும், பெயரும் அவர் பெயரே வரட்டும் என்றும் சொன்னார். எங்கள் இதழில் சரிபார்ப்பவர் பெயர் வருவதில்லை. அதுவரை ரோஸ்லினின் பெயர் கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சானதில்லை, கல்யாணமே செய்துகொள்ளவில்லையே. அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆறு வாரம் எழுதினார். நல்ல கட்டுரை, இன்றைக்கும் சொல்வேன். அன்றைய நிலையில் ரஃபேலின் ஆன்டெனா அசையாது, அலைக்கற்றை மட்டும் மின்னணு முறையில் நொடியில் திசை மாறும். மற்ற இரண்டிலும் ஆன்டெனாவே திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஆனால் யூரோஃபைட்டரின் மூக்கு பெரியது, அதனால் ஆன்டெனாவும் பெரியது, அதை மட்டமாக நினைக்காதே என்று எழுதியிருந்தார். ராடார் அலையை அனுப்பினால் நாம் இருக்கும் இடம் எதிரிக்கும் தெரிந்துவிடும், அதனால் சத்தமில்லாமல் வெப்பத்தை வைத்தே பார்க்கும் கருவி ரஃபேலிலும் யூரோஃபைட்டரிலும் இருக்கிறது, கிரிபனில் அப்போது இல்லை. ஆனால் ஒரு கிரிபன் பார்த்ததை இன்னொரு கிரிபன் தன் திரையில் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வெகு நேர்த்தி. எது சிறந்தது என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. "யார் கூட சண்டை, எங்க சண்டை, அது தெரியாம நம்பர் ஒன் யாருன்னா நான் என்ன சொல்ல?" என்றார்.

அட்டவணையில் கண்டறியும் தூரம் என்ற வரிசையில், ஒரு விமானத்துக்கு எண்ணும் இலக்கின் அளவும் இருந்தன. மற்ற இரண்டு கட்டங்களிலும் பென்சிலில் 'தெரியாது'.

அச்சுக்குப் போகும் வாரம் சவரிமுத்து ஐயாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டு நாள் லீவில் போன ரோஸ்லின், கடைசி ப்ரூஃபுக்கான ஒப்புதல் தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். "நீ இருக்கியே, பாத்துக்கோ" என்றார். அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் ஆசிரியர் ப்ரூஃபைப் பார்த்தார். அட்டைப்படக் கட்டுரை, அதில் முக்கியமான வரிசையில் இரண்டு கோடுகளா, வாசகன் சிரிப்பான், எங்கேயாவது தேடி நிரப்பு என்றார். ரோஸ்லின் வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு கண்காட்சித் துண்டறிக்கையிலிருந்து ஒரு எண்ணையும், ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து இன்னொரு எண்ணையும் எடுத்து ப்ரூஃபில் என் கையால் எழுதினேன். ஒன்று பெரிய விமானத்தைப் பார்க்கும் தூரம், மற்றது சின்ன விமானத்தைப் பார்க்கும் தூரம். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஒரு விமானம் கழுகு மாதிரியும் இன்னொன்று கண் தெரியாத மாதிரியும் ஆகிவிட்டது. எந்த இரண்டு என்று இங்கேயும் எழுதமாட்டேன். எழுதினால் ரோஸ்லின் எழுந்து வந்துவிடுவார்.

இதழ் வந்ததும் சவரிமுத்து ஐயா பன்னிரண்டு பிரதி வாங்கித் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் உழைத்த மனிதர், ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பெயர் எங்கே இருக்கிறது என்று மகள் விரல் வைத்துக் காட்ட, அந்த இடத்தை மனப்பாடம் செய்துகொண்டார். உங்களில் சிலர் வீட்டு வாசலிலும் வந்து நின்றிருப்பார்.

மூன்றாவது வாரம் ஓய்வுபெற்ற ராடார் அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு தபால் கார்டு. இரண்டே வரி. இந்த எண்கள் ஒரே அளவு இலக்குக்கானவையா, இதைக் கட்டுரையாளர் சரிபார்த்தாரா? ஆசிரியர் அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துவிட்டு, "இதற்குத்தானே உங்களை வைத்திருக்கிறேன்?" என்று ரோஸ்லினைக் கேட்டார். ரோஸ்லின் கார்டை வாங்கிப் படித்தார், இதழை எடுத்துப் பக்கத்தைப் பார்த்தார், பிறகு ப்ரூஃப் கட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். நான் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இதழில் திருத்தம் போடும்படி ரோஸ்லின் கேட்டார். பெரிதுபடுத்த வேண்டாம், ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். அந்த இதழிலிருந்து ரோஸ்லின் எழுதியதெல்லாம் 'எமது தொழில்நுட்பப் பிரிவு' என்றே வெளிவந்தது. அவர் பெயர் மறுபடி அச்சாகவே இல்லை.

ரோஸ்லின் சண்டை போடவில்லை. வீட்டில் உட்கார்ந்து இருபது சீட்டுகள் தயாரித்தார். தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் எடுத்து, அந்த வரிசை முழுவதையும் மூடும் அளவுக்குக் கத்தரியால் நறுக்கியவை. 'இந்த எண்கள் ஒரே அளவு இலக்குக்கானவை அல்ல, ஒப்பிட வேண்டாம். தவறு என்னுடையது. ரோஸ்லின்.' சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். "கோந்து புட்டி எடுத்துக்கினு வா. ஊர்ல எங்கெல்லாம் புக் இருக்கோ, அங்கெல்லாம் போலாம்."

போனோம். கேம்ப்பில் ஒரு நூலகம், நகரத்துக்குள் இரண்டு, நாலாவதாக ஔந்தில் ஒரு கல்லூரி. அங்கே நூலகர் அம்மாள் எங்கள் தலைக்கு மேல் வந்து நின்று, "காய் சால்லய்?" என்று அதட்டினார், என்ன நடக்கிறது இங்கே என்று. புத்தகத்தைக் கிழிக்கிறோம் என்று நினைத்துவிட்டார். ரோஸ்லின் மராத்தியில், இந்தப் பக்கத்தில் இருக்கும் பெயர் என்னுடையது, தப்பை மூடுகிறேன் என்று விளக்கினார். அந்த அம்மாள் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, ஒட்டிய இடம் மடங்காமல் இருக்க ஒரு கனமான அகராதியைக் கொண்டுவந்து மேலே வைத்தார்.

"அந்த நம்பர் ரெண்டையும் நான்தானுங்க எழுதினேன்" என்றேன்.

ரோஸ்லின் திரும்பவில்லை. "தெரியும்."

"எப்படிங்க?"

"ஏழுக்கு நடுவுல கோடு போடறவன் ஆபீஸ்ல நீ ஒர்த்தன்தான். ப்ரூஃப்ல அன்னிக்கே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் கேக்கலீங்க?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன். நாலு லைப்ரரி ஆயிட்சி." அகராதியை எடுத்துவிட்டுச் சீட்டைத் தடவிப் பார்த்தார். "சலோ, அடுத்தது."

மிச்சச் சீட்டுகளில் என் பெயரைப் போட்டுவிடலாம் என்றேன். ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டே சொன்னார். "ஃபாக்டரில எவன் கெடுத்தான்னு பாக்கமாட்டான், எவன் பாஸ் பண்ணான்னுதான் பாப்பான். பாக்காம கையெழுத்து போட்டது நானு. அது என் ஸ்டாம்ப்பு." எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் கிர்க்கியில் வீடு வீடாகப் போனோம். "ஏம்மா, உன் பேரு போட்ட புக்குல நீயே காகிதம் ஒட்றியே?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். "தப்பா அச்சாயிட்சி ஆன்ட்டி" என்றார். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள். கடைசியாக அவர்கள் வீட்டுக்கே வந்தோம். ஐயாவின் பிரதி தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் கோந்துப் புட்டியைத் திறந்தேன். "அத வுட்டுடு. அவரு நம்பர் பாக்கறதில்ல, பேருதான் பாக்கறாரு" என்றார். அதனால் ஒரு சீட்டு மிஞ்சியது. அதை நான் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அந்தோணி அந்தப் பிரதியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். ஐயா போய் இரண்டு வருடம் ஆகிறது. மற்றப் பக்கங்கள் எல்லாம் புதிது போல இருக்கின்றன. பெயர் இருக்கும் இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மை மங்கிக் கிடக்கிறது. அந்தப் பிரதியும் மிஞ்சிய சீட்டும் இப்போது என்னிடம் இருக்கின்றன. சீட்டை ஒட்டமாட்டேன். இரண்டு எண்களையும் அடித்து, பென்சிலால் தமிழில் 'தெரியாது' என்று எழுதிவிட்டேன்.

உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. சவரிமுத்து ஐயா கொடுத்த அந்த இதழ் பரணிலோ பீரோவிலோ உங்கள் வீட்டில் இன்னும் கிடக்கும். தேடி எடுங்கள். தவறு என்னுடையது என்று ஒட்டியிருக்கும் சீட்டின் கீழே ரோஸ்லின் என்ற பெயரை அடித்துவிட்டு, சிவக்குமார் என்று என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கட்டுரையின் மேலே இருக்கும் அவர் பெயரை அப்படியே விட்டுவிடுங்கள்.