சாட்சி முடிந்ததும் நான்கு தட்டு

நீலக் காகிதம் சுற்றிய பஞ்சு உருளை ஒன்று என் டிரம்ஸ் பையின் பக்கவாட்டு அறையில் இன்னும் கிடக்கிறது. எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிற சாதாரணப் பஞ்சுதான். பாதிக்கு மேல் தீர்ந்து, மிச்சம் பழுப்பேறிவிட்டது. அது எங்கள் பாடகரின் அம்மாவுடையது. எங்களுக்கும் அவர் அம்மாதான், வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்தக் கிறிஸ்தவச் சபையில் நாங்கள் வாசித்தாலும் வெள்ளைச் சேலையில் வந்து முதல் வரிசையின் நடு நாற்காலியில் உட்காருவார். உட்கார்ந்த கையோடு பையிலிருந்து இந்த உருளையை எடுத்து, இரண்டு துண்டு கிள்ளி உருட்டித் தன் காதுகளில் வைத்துக்கொள்வார். பிறகு அக்கம்பக்கத்தில் இருக்கிற வயதான பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு துண்டு விநியோகம் நடக்கும். "வெச்சிக்கோங்கம்மா, பசங்க கொஞ்சம் சத்தமா பாடுவானுங்க" என்பார். கொஞ்சம் சத்தமாம். அந்தப் பஞ்சு எதற்கு வாங்கியது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. மார்பில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்ட வாங்கியதில் மிஞ்சியது அது.

எங்கள் குழுவின் பெயர் ஏழாம் சுற்று. எரிகோ பட்டணத்தை ஏழாம் நாள் ஏழு முறை சுற்றிவந்து எல்லோரும் சேர்ந்து கத்தியதும் மதில் விழுந்தது என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கத்தல்தான் எங்களுக்குக் கிடைத்த சாக்கு. நாங்கள் வாசித்தது ஹார்ட்கோர் பங்க். அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு, ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம், அதில் ராகம் தேடாதீர்கள், டிரம்ஸ் ஓடும், கிட்டார் துரத்தும், பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார் என்று சொல்லிவிடுவேன். மற்றவர்கள் அதைக் கோபத்துக்கு வாசித்தார்கள், நாங்கள் கர்த்தருக்கு வாசித்தோம். கத்தியவர் அண்ணன். கூடப்பிறந்தவர் அல்ல, என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் அண்ணன், அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஆபரேட்டர். கிட்டாருக்கும் பேஸுக்கும் நெமிலிச்சேரியிலிருந்து வந்த இரட்டைச் சகோதரர்கள். நான் டிரம்ஸ். வாரநாட்களில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டரில் எனக்கு வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்ணூர்பேட்டையில் இரட்டையரின் மாமா வைத்திருந்த லேத் பட்டறையில் பயிற்சி எடுப்போம். லீவு நாளில் அங்கே எங்கள்மேல் புகார் சொல்ல இரும்புத் துருவலைத் தவிர யாரும் கிடையாது.

முதல் முறை ஆவடியில் ஒரு வாலிபர் கூட்டத்தில் வாசித்தபோது இரண்டாவது பாட்டிலேயே அந்தச் சபையின் மூப்பர் ஒருவர் எழுந்துவந்து பிளக்கைப் பிடுங்கினார். பிசாசு ஓட்டுகிற இடத்தில் பிசாசையே கூட்டிவந்திருக்கிறார்கள் என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. எங்கள் சொந்தச் சபையின் பாஸ்டர்தான் வழி சொன்னார். பாட்டு ஒருவருக்கும் புரியவில்லை, அதனால் பாட்டுக்கு முன்னால் சாட்சி சொல்லுங்கள் என்றார். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சபை நடுவில் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. அண்ணனிடம் கைவசம் ஒன்று இருந்தது. அம்மாவுக்குப் புற்றுநோய் வந்ததும், தான் நாற்பது நாள் முழங்காலில் நின்று ஜெபித்ததும், அம்மா சுகமானதும். அதை அவர் சொன்னால் கல்லும் கரையும். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜனத்தின் முன்னால் அடுத்து நாங்கள் என்ன கூத்தடித்தாலும் யாரும் எழுந்து போகவில்லை. பட்டாபிராம், திருநின்றவூர், பூந்தமல்லி என்று அழைப்புகள் வரத் தொடங்கின. உண்மையைச் சொன்னால் அவர்கள் அழைத்தது எங்களை அல்ல, அந்தச் சாட்சியைத்தான்.

சாட்சி சபைக்குச் சபை வளர்ந்தது. முதலில் டாக்டர் யோசித்தார் என்று இருந்தது, பிறகு பயந்தார் என்று ஆனது, கடைசியில் கைவிரித்துவிட்டார் என்று வந்து நின்றது. "அந்த டாக்டரு கேட்டாருன்னா நம்ம மேல கேஸு போட்டுருவாருடா" என்று அம்மா பட்டறையில் சிரிப்பார். ஆனால் சபையில் அண்ணன் கை நீட்டிக் காட்டும்போது எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்துவார். "அதோ நிக்கிறாங்க எங்கம்மா, உயிரோட" என்பதுதான் அண்ணனின் கடைசி வரி. அது முடிந்த அதே நொடியில் நான் குச்சியோடு குச்சியை நான்கு முறை தட்ட வேண்டும், நான்காவது தட்டில் எல்லோரும் பாய வேண்டும். ஜனம் யோசிக்க இடைவெளி கொடுத்துவிடக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. ஆகவே ஒவ்வொரு சாட்சிக்கும் முற்றுப்புள்ளி வைத்தவன் நான்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் கவுண்டரில் கவர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றின்மேல் அம்மாவின் பெயர் இருந்தது. இந்தப் பெயரில் அம்பத்தூரில் நூறு பேர் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவே நிற்கிறார். என்னைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் வைத்தார், பிறகு முன்னால் வந்தார். "உனுக்கு இன்னிக்கி லீவுன்னு நெனச்சேன்டா நைனா" என்றார். கவரை நான் பிரிக்கக் கூடாது. பிரித்தேன். நான் டாக்டர் இல்லைதான், ஆனால் ஐந்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு எந்த வார்த்தையைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று தெரியும். ஈரலுக்குப் பரவியிருக்கிறது என்று இருந்தது, முதுகெலும்புக்கு என்றும் இருந்தது. "இன்னாத்துக்கு மூஞ்சிய அப்பிடி வெச்சிகினு கீற? அவன்கிட்ட சொல்லாத. சத்தியம் பண்ணக் கூடாதுன்னு சபையில சொல்லிக்கீறாங்க, அதனால சத்தியம் கேக்கல. தலைய மட்டும் ஆட்டு" என்றார். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் தலையை ஆட்டினேன்.

மறுவாரம் என் பைக்கில் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். உடனே கீமோ ஊசி போட ஆரம்பித்தால் நாளைத் தள்ளலாம், முடி கொட்டும் என்றார் டாக்டர். அம்மா வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, முடியாது என்றார். "அவன் மேல நின்னுகினு எங்கம்மாவுக்கு சொகமாச்சுன்னு சொல்லுவான், கீழ நான் மொட்டத் தலையோட குந்திகினு இருக்கணுமா?" சபையில் எல்லாப் பெண்களும் முக்காடு போடுகிறார்கள்தானே, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "முக்காடு தலைக்கிப் போடலாம். புருவத்துக்கு இன்னாடா போடறது?" என்று கேட்டார். வருடக் கடைசியில் ஆவடி மைதானத்தில் பல சபைகள் சேர்ந்து நடத்தும் கன்வென்ஷன் கூட்டம் இருந்தது. அதுவரை நாங்கள் பார்த்திராத பெரிய மேடை. "அது முடியட்டும். அந்தச் சாட்சி பொய்யாப் போச்சின்னா எம்புள்ள ஜெபத்தயே உட்ருவான்" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கிளம்பினேன். முதல் முறை அண்ணனை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "அம்மா எளச்சிட்டாங்க பாத்தியாடா? கன்வென்ஷன்ல நாம நல்லா வாசிக்கணும்னு உபவாசம் இருக்காங்க. ரெண்டு வேள சாப்பாடு கெடையாது" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது முறை பாஸ்டரிடம் போனேன். அவர் மேஜைமேல் அச்சகத்திலிருந்து வந்த கன்வென்ஷன் போஸ்டர் கட்டு பிரித்துக் கிடந்தது. அதில் எங்கள் படத்தைவிடப் பெரிதாக அம்மாவின் படம். என்ன விஷயம் தம்பி என்று கேட்டார். மேடையில் எத்தனை ஸ்பீக்கர் வரும் என்று கேட்க வந்தேன் பாஸ்டர் என்றேன். என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

கன்வென்ஷன் அன்று அம்மாவைப் பக்கத்திலிருந்த பெண் கை கொடுத்துத்தான் எழுப்பினாள். அண்ணன் ஒருநாளும் இல்லாத அழகோடு சாட்சி சொன்னார். "அதோ நிக்கிறாங்க எங்கம்மா, உயிரோட." என் குச்சிகள் மேலே இருந்தன. தட்டவில்லை. எழுந்து மைக்கை வாங்கிச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. அண்ணன் திரும்பிப் பார்த்தார், இரட்டையர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவோ முன்பே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு வைத்த அந்தத் தலையை மெல்ல அசைத்தார், தட்டு என்று. தட்டினேன். நாங்கள் வாசித்ததில் அதுதான் ஆகச் சிறந்த வாசிப்பு என்று இரட்டையர் இன்றும் போனில் சொல்வார்கள். கூட்டம் கலைந்தபின் அம்மா மேடைக்குப் பின்னால் வந்து இந்தப் பஞ்சு உருளையை என் பையில் திணித்தார். "இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும். காது போச்சின்னா எப்படி வாசிப்ப?" என்றார்.

அதற்குப் பிறகு ஊசி போட ஒத்துக்கொண்டார். அண்ணனுக்கு அப்போதுதான் தெரியும், அதுவும் புதிதாக வந்ததாகத்தான் தெரியும். இரண்டு ஊசிக்கு மேல் உடம்பு தாங்கவில்லை. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வாரம் அடக்கம் செய்தோம். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பீரோல பழைய ரிப்போர்ட் இருந்திச்சிடா. மழைக்காலத்துலயே எடுத்துக்கீறாங்க, உங்க சென்டர்லதான். உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அன்னிக்கி நான் டூட்டியில இல்லண்ணா என்றேன். அவர் நம்பினார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம். ஏழாம் சுற்று அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. இரட்டையர் ஒருவர் பின் ஒருவராக வளைகுடாவுக்குப் போனார்கள், என் டிரம்ஸ் பரணில் ஏறியது.

அண்ணன் ஜெபத்தை விடவில்லை. இப்போது பூந்தமல்லியில் ஒரு மாடி ஹாலில் சிறிய ஜெப ஐக்கியம் நடத்துகிறார். போன மாதம் கூப்பிட்டு, பழைய பாட்டு ஒன்றே ஒன்று, வாயேன்டா என்றார். கிட்டாருக்கும் பேஸுக்கும் சபை வாலிபர்கள் இருந்தார்கள். வாசிப்பதற்கு முன் அண்ணன் சாட்சி சொல்ல எழுந்தார். அது புதிய சாட்சி என்பது எனக்குத் தெரியாது. "எங்கம்மா யாருகிட்டயும் சொல்லல. பெத்த புள்ள என்கிட்டயே சொல்லல. ஒரே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா போதும், அவங்க என் கையப் புடிச்சி சொல்லியிருப்பாங்க, அம்மா இன்னிக்கி இங்க உக்காந்திருப்பாங்க. உங்க ஊட்ல யாரும் நோவ மறைக்காதீங்க, தெரிஞ்சவங்க தயவுசெஞ்சி சொல்லிடுங்க" என்றார். முன்பே ஒருமுறை இந்தச் சாட்சியைக் கேட்டுப் பரிசோதனைக்குப் போய், நேரத்தோடு பிழைத்தவர் என்று அண்ணன் கைகாட்டிய ஒரு பெண்மணி முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். இந்தச் சாட்சியையும் நான் பொய்யாக்க வேண்டுமா? கவுண்டரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

முன்னதாகவே நீலக் காகிதத்தைப் பிரித்து இரண்டு துண்டு கிள்ளிக் காதில் வைத்திருந்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அண்ணன் சொல்லி முடித்துவிட்டு, பழைய வழக்கப்படி என் பக்கம் திரும்பினார். குச்சிகள் மேலே இருந்தன. தட்டு என்று தலையசைக்க இந்த முறை நடு நாற்காலியில் அம்மா இல்லை. நானாகத்தான் தட்டினேன்.