இன்னும் ஒரு அரைச் சுற்று

சனிக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடம்.

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் மகன் வாசலைத் தாண்டினால் கடிகாரத்தைப் பார்ப்பது என் வியாதி. கையில் பாதி நறுக்கிய பயத்தங்காய், கண் கடிகாரத்தில், காது தெருவில்.

அவனுடைய மோட்டார் சைக்கிளின் சத்தம் எனக்கு மனப்பாடம். வாசலில் முதல் கியர். நாலு வீடு தள்ளி இரண்டாவது. கோயில் முனையில் கொஞ்சம் தணியும், வளையும், பிறகு பெரிய சாலையில் ஏறித் தேய்ந்து தேய்ந்து மறையும். அது மறைந்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

அன்று சத்தம் தேயவில்லை. அறுந்தது.

அப்புறம் ஒரு மாட்டின் கத்தல். அப்புறம் யாரோ மலாயில் கூப்பிடுகிற குரல். நான் கத்தியைக் கீழே வைத்தேனா, கையோடு எடுத்துக்கொண்டு ஓடினேனா என்று இன்றுவரை தெரியாது.

இந்தப் பத்தியில் வழக்கமாக என் வகுப்புப் பிள்ளைகளின் குறும்புகளைத்தான் எழுதுவேன். சென்ற வாரமே ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன். இந்த வாரம் வேறு எதையும் எழுத முடியவில்லை... பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் சந்திரனை உங்களுக்குத் தெரியும். கஜா பெராங்கில் எங்கள் வீட்டுக் கூரையில் ஏறி ரேடியோ கம்பி கட்டி, ஓட்டை உடைத்தானே, அவன்தான். இப்போது வயது இருபத்திரண்டு. பத்து பெரெண்டாம் என்கிற ஊரின் விமானத் திடலில் வேலை. மூன்று மாதத்துக்கு முன், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார சார்ஜென்டிடமிருந்து ஒரு ரேஸ் வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். தாழ்ந்த ஹேண்டில். நீண்ட டாங்கி. உட்கார்ந்தால் முதுகு வளைந்து, ஏதோ தரையில் தொலைத்ததைத் தேடுகிறவன் மாதிரி இருப்பான்.

"எதுக்குடா இது? பஸ் ஓடலையா?" என்றேன்.

"நாட்டுக்கே மெர்டேக்கா கெடைச்சிருச்சும்மா. எனக்கு மட்டும் இன்னும் கர்ஃபியூவா?"

சுதந்திரத்தை வண்டியாக வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்! என் கணவர் சிரித்தார். அவர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். தினமும் சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னைக்கு ரெண்டு கால், ஒரு தாடை" என்று மோட்டார் சைக்கிள் கேஸ்களைக் கணக்குச் சொல்வார். சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். நான்தான் விழித்திருப்பேன்.

போன மாதம் அப்பாவும் பிள்ளையும் குசுகுசுவென்று பேசியது என் காதில் விழுந்தது. கிளேபாங் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது ஹேண்டில் தானாகவே இடமும் வலமும் உதறியிருக்கிறது. நனைந்த நாய் உடம்பை உதறுமே, அப்படி! எப்படியோ பிடித்து நிறுத்திவிட்டானாம்.

எப்படியோ. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தாய் எத்தனை நாள் சாப்பிட முடியும்?

மறுநாளே அவனோடு தேவாவின் பட்டறைக்குப் போய் நின்றேன். சேலையும் குடையுமாக.

தேவா செட்டி கம்பத்துக்காரர், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சம். கோயில் முனைக்கு எதிரில்தான் பட்டறை. நெற்றியில் திருநீறு இருக்கும். வாயில் மலாய் இருக்கும். அவர் பேசியதை நான் தமிழில் தருகிறேன். வாக்கியத்துக்கு வால் போல வரும் 'லா'வை மட்டும் அவருக்கே விட்டுவிடுகிறேன்.

"இதுதான் டேம்பர் லா, டீச்சர். ஹேண்டில் தலையாட்டாம பிடிச்சு வைக்கிற சாமான்" என்று ஹேண்டிலின் நட்டநடுவில் இருந்த ஒரு கறுப்புத் திருகைத் தொட்டுக் காட்டினார்.

"என்ன இது, ஊறுகா பாட்டில் மூடி மாதிரி இருக்கு?"

தேவா விழுந்து விழுந்து சிரித்தார். "மூடிதான். உள்ள ஊறுகா இல்ல, தட்டுங்க இருக்கு. மூடியைத் திருகினா தட்டுங்க ஒண்ணோட ஒண்ணு அழுந்தும், ஹேண்டில் ஆடாது. லூசா விட்டா ஆடும்."

இன்னொன்றும் காட்டினார். சிங்கப்பூரிலிருந்து தருவித்தது. சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு குழாய். உள்ளே எண்ணெயாம். "இதுதான் நல்லது லா. என் பேச்சைக் கேளு" என்றார் சந்திரனிடம்.

"வேணாம் அங்கிள். எண்ணெய் ஒழுகும். பழைய தட்டை மாத்திட்டு மூடியே இருக்கட்டும். கூட்டணுமா, குறைக்கணுமா, நம்ம கையில இருக்கும் பாருங்க" என்றான் இவன்.

எனக்கும் மூடிதான் பிடித்தது. குழாயும் எண்ணெயும் எனக்குப் புரியாது. மூடி புரியும். எங்கள் வீட்டில் நான் மூடிய பாட்டிலை வேறு யாராலும் திறக்க முடியாது. நான் மூடிய குழாயில் தண்ணீர் பிடிக்க அக்கம்பக்கத்திலிருந்து ஆள் வரவேண்டும். "உங்கம்மா கை வச்சா ஸ்பேனர்தான்" என்பார் என் கணவர்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. லூசா விட்டா ஆடும். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பின்னால் தேவா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

வருடக்கணக்காகப் பிள்ளைகளிடம் சொல்கிறேன், பாடம் முடிவதற்குள் புத்தகத்தை மூடாதீர்கள் என்று.

தட்டு மாற்றி வண்டி வீட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை சந்திரன் குளிக்கிற நேரம். வழக்கம்போல் வண்டியின் விளக்குக்குத் திருநீறு பூசினேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். பிறகு... மூடியைப் பிடித்து ஒரு அரைச் சுற்று. அவ்வளவுதான். மனம் அப்படியே குளிர்ந்தது. அன்று காப்பி முதல் வாயிலேயே இறங்கியது!

செவ்வாய்க்கிழமை இன்னொரு அரைச் சுற்று.

அன்று சாயங்காலம், "ஹேண்டில் ஏன்ம்மா இவ்வளவு கனமா இருக்கு?" என்று யோசித்துக்கொண்டே தளர்த்திவைத்தான். புதன்கிழமை நான் இறுக்கினேன். அவன் தளர்த்தினான். வியாழக்கிழமை நான் மறுபடியும் இறுக்கினேன். வெள்ளிக்கிழமை மாலை தேவாவிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து, சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தான்.

"தேவா அங்கிளுக்கே புரியலப்பா. ஓட ஓட இது தளரத்தான் செய்யுமாம். இறுகுற டேம்பரை அவர் பார்த்ததே இல்லையாம். சார்ஜென்ட் ஆவி கூடவே வந்திருச்சான்னு கேக்குறாரு. எலுமிச்சம்பழம் வெட்டணுமாம்!"

நானும் சிரித்தேன். அவன் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தேன். ஆவி அப்பளம் வைக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் இறுக்க முடியாமல் போய்விடுமே!

சனிக்கிழமை காலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன். பிடிவாதமான பாட்டிலுக்குச் செய்வேனே, அப்படி. மூடி இனி நகராது என்கிறவரை திருகினேன். அதன் பிறகும் ஒரு அரைச் சுற்று.

அன்று பார்த்து அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வண்டி தெருவைப் பார்த்தபடியே நின்றது. ஹேண்டிலைத் திருப்பவேண்டிய தேவையே இல்லை. ஏறினான், உதைத்தான், போனான். எங்கள் தெரு கோயில் முனை வரை நேர்க்கோடு.

முனையில் வளைவு. வளைவில் ஒரு மாட்டு வண்டி.

நான் ஓடிப் போனபோது மோட்டார் சைக்கிள் லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரமாகப் படுத்திருந்தது. முன்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்து நின்றார். சந்திரன் கால்வாயின் சிமெண்ட் விளிம்பில்... விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, தலை சாய்ந்து கிடந்தான். ஒரு சாண்! கண் மூடியிருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

முந்தானையால் அந்த ரத்தத்தை அழுத்திப் பிடித்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தான். என் காலைப் பார்த்தான்.

"செருப்பு போடாமயாம்மா வந்த?" என்றான். மறுபடியும் மூடிக்கொண்டான்.

பட்டறையிலிருந்து ஓடிவந்த தேவா வண்டியை நிமிர்த்தினார். ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"யா அல்லா... சாமி... இப்படி இறுகினா எப்படி லா?" பதற்றத்தில் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டார். "வேகமாப் போனா பிடிச்சு வைக்கும். மெதுவாப் போனா இதே சாமான் ஆளைக் கொல்லும். சைக்கிளை எப்படி ஓட்டுறோம்? கொஞ்சம் கொஞ்சமா அசைச்சு அசைச்சுத்தானே நிக்குது? அசைய விடலன்னா விழாம என்ன செய்யும்? அன்னைக்கே சொன்னேனே, டீச்சர்!"

சொல்லியிருக்கிறார். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு.

பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று என் கணவருக்குக் காலை டியூட்டி. கத்தரிக்கோலோடு வந்தார். முதலில் சட்டையைப் பார்த்தார், தீபாவளிக்கு அவரே எடுத்துக்கொடுத்த சட்டை. பிறகுதான் முகத்தைப் பார்த்தார். கை ஒரு நொடி நின்றது. பிறகு சட்டையின் தோளை வெட்ட ஆரம்பித்தார். அவர் வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

காறை எலும்பு முறிவு. நெற்றியில் ஏழு தையல். தலைக்குள் அடி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என் கணவர் வெளியே வந்தார். வந்தவர் கண்ணில் தாழ்வாரத்தில் நின்ற தேவா பட்டார்.

"நேத்து சாயங்காலம் நீதானே வண்டியில கை வச்ச? டேம்பரை இறுக்கி விட்டது யாரு? போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டுத்தான் மறுவேலை."

தேவா தன் எண்ணெய்க் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நான்தான் தொட்டேன்... சரியாத்தான் வச்சேன் லா. சரியா வச்சேன்னுதான்..." தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார் அந்த மனிதர்.

அப்போதும் ஒரு நொடி, சொல்லாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். உங்களிடம் எதற்கு மறைக்கவேண்டும்?

"என்னங்க. அவர் இல்ல. நான்தான்."

"எது நீ?"

"அந்த மூடி. திங்கட்கிழமையிலேருந்து தினமும் காலையில நான்தான் இறுக்கினேன்."

கதவு திறந்திருந்தது. கட்டிலில் சந்திரன் விழித்திருந்தான். முழுவதும் கேட்டிருக்கிறான். என்னையே பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வகுப்பில் கணக்கு புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தான். பிறகு மெல்ல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

போலீசுக்கு யாரும் போகவில்லை. என் கணவர் தேவாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்தான். அப்பாவோடு பேசினான். பார்க்க வந்த மாட்டு வண்டிக்காரரோடுகூடப் பேசினான். என்னிடம் "ம்". கஞ்சி வேணுமா? ம். வலிக்குதா? ம்ஹூம். சமையலறையில் பாட்டில்களை எல்லாம் மூடாமலே வைத்திருந்தேன். எறும்பு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெற்றவர்களின் பயத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது பாசத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அதனால் யாரும் அதை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அவன் வேகமாகப் போய் விழுவான் என்று நடுங்கினேன். அவன் விழுந்தது மெதுவாகப் போனபோது. என் கையால்.

நேற்று, புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம். அதே சத்தம்! எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

தேவா. வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹேண்டில் நடுவே மூடி இல்லை. பக்கவாட்டில், டாங்கிக்குக் கீழே ஒதுங்கினாற்போல அந்த எண்ணெய்க் குழாய்.

"ஆஸ்பத்திரியிலேயே சந்திரன் சொல்லிட்டான் லா. 'எது வேணா போடுங்க அங்கிள், அம்மா கைக்கு எட்டாததாப் போடுங்க'ன்னு" என்றார். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிக் காட்டினார். வெண்ணெய்போல் திரும்பியது. சட்டென்று உதறிக் காட்டினார். பிடித்து நிறுத்தியது. "மெதுவாத் திருப்பினா விட்டுரும். உதறினாதான் பிடிக்கும். இறுக்குற வேலையே இல்ல."

உள்ளே நாற்காலியில் கட்டோடு உட்கார்ந்திருந்த சந்திரன் ஜன்னல் வழியாக எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நாளுக்குப் பிறகு அவன் உதட்டில் ஏதோ அசைந்தது.

தேவா சட்டைப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிரித்தேன். கறுப்பு மூடி.

"இதை நீங்களே வச்சுக்குங்க, டீச்சர்" என்றார். "ஊறுகா பாட்டிலுக்குச் சரியா இருக்கும் லா."