பட்டுவோட பி.எஃப்பும் தர்மாம்பா மாமியும்

எங்க பட்டு வாயைத் திறந்து இது வேணும்னு கேட்டு நான் பார்த்ததே இல்லை. தீபாவளிக்குக் கட்கி பஜார்ல புடவைக் கடைக்குப் போனா, நான் கடையையே புரட்டிப் போட்டுட்டு ரெண்டு எடுத்துண்டு வருவேன். அவ, கடைக்காரன் முதல்ல எதை விரிச்சானோ அதையே நன்னாயிருக்குன்னு சொல்லி வாங்கிண்டு வந்துடுவா. அம்மாவுக்கு அதுல ஒரே பெருமை. தங்கமான பொண்ணு, தங்கமான பொண்ணுன்னு காலனி முழுக்கச் சொல்லிண்டு திரிவா. அப்போ கூடப் பிறந்த நான் என்ன, பித்தளையான்னு கேட்டா, அடுப்புல பால் பொங்கறதுன்னு உள்ளே ஓடிடுவா.

இந்தத் தங்கம் பி.காம். முடிச்ச கையோட ஹடப்ஸர்ல பம்பு பண்ற ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ்ல சேர்ந்தா. தொண்ணூத்தி மூணு ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். கட்கியிலேர்ந்து ரெண்டு பஸ் மாறணும். மழைக்காலத்துல முழங்கால் வரைக்கும் நனைஞ்சுண்டு வந்து நிப்பா. இருந்தாலும் மூஞ்சியில ஒரு களை இருக்கும். ஒரு நாள் அவளுக்குச் சாப்பாட்டு டப்பா மறந்து போச்சுன்னு நானே கொண்டு போய்க் கொடுத்தேன். போய்ப் பார்த்தா, நம்ம ஊமைக்கோட்டான் பத்து பேருக்கு நடுவுல உட்கார்ந்துண்டு மராட்டியில யாரோ ஒரு சேல்ஸ்மேனைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கறா, அவன் தலையைச் சொறிஞ்சுண்டு நிக்கறான், எல்லாரும் சிரிக்கறா. எனக்கு ஆளே அடையாளம் தெரியலை. அந்த வேலை மேல அவளுக்கு உசிருன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. வீட்டுல வேற யாருக்கும் அது தெரியாது. அவளும் சொன்னதில்லை.

தொண்ணூத்தி ஏழு ஆனியில ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பையன் பேர் சூர்யநாராயணன், வீட்டுல சூரி. ரயில்வேயில கிளார்க், கோர்படி ரயில்வே காலனியில வாசம். நல்ல பையன்தான், வாயில்லாப் பூச்சி. அவன் பங்குக்கும் சேர்த்து அவன் அம்மா தர்மாம்பா மாமி பேசிடுவா. பெண் பார்க்க வந்த அன்னிக்கே, சொஜ்ஜியைச் சாப்பிட்டுட்டுக் கையை அலம்பிண்டே எல்லாத்தையும் மாமி முடிவு பண்ணிட்டா. மஸ்கட்ல இருக்கற தன் தம்பி ஆவணியில லீவுல வரான், அதனால கல்யாணம் ஆவணியில. எங்காத்து மாட்டுப்பொண் வேலைக்குப் போற வழக்கமில்லை, அதனால அதுக்கு முன்னாடியே பட்டு வேலையை விட்டுடணும். விட்டா பி.எஃப். பணம் வருமே, அது வட்காவ்சேரியில சூரி பார்த்து வச்சிருக்கற ஃப்ளாட்டுக்கு முன்பணத்துக்கு ஆச்சு.

அப்பா தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினா. பட்டுவும் தலையாட்டிட்டு உள்ளே வந்து, காபி டம்ளரை அலம்பிண்டே சத்தமில்லாம அழுதா. பையனைப் பிடிக்கலையான்னு கேட்டேன். பிடிச்சிருக்காம். வேலையை விடத்தான் பிடிக்கலையாம். போய்ச் சொல்லித் தொலையேண்டின்னேன். எப்படிக்கா சொல்றது, நன்னாவா இருக்கும்னு என்னையே திருப்பிக் கேக்கறா. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டம்ளராலேயே ரெண்டு போட்டிருப்பேன்.

ஆனா ஊமைக்கு ஊரையே விக்கற மூளை இருந்திருக்கு. ரெண்டு நாள் கழிச்சு ஆபீஸ்லேர்ந்து ஒரு ரூலோட வந்தா. வேலையில சேர்ந்து அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள பி.எஃப்பை எடுத்தா வரி உண்டாம். கம்பெனி போட்ட பங்கு, அதுக்கு வந்த வட்டி, எல்லாம் சம்பளம் மாதிரி கணக்காயிடுமாம். இத்தனை வருஷமா பி.எஃப். கட்டினதுக்குக் கிடைச்ச வரிச் சலுகையையும் திருப்பிப் பிடுங்கிப்பாளாம். அஞ்சு வருஷம் முடிஞ்சு எடுத்தா ஒரு பைசா வரி கிடையாது. பட்டுவுக்கு அஞ்சு வருஷம் முடியறது மார்கழிக் கடைசியில. மார்கழியில கல்யாணம் பண்ண முடியாது. ஆகக்கூடி, கல்யாணத்தைத் தையில வச்சுக்கலாமே?

இதைப் போய்ச் சொல்ற வேலை என் தலையில விழுந்தது. மாமி எங்கே சாமியாடப் போறாளோன்னு பயந்துண்டேதான் கோர்படிக்குப் போனேன். ஆனா பாருங்கோ, தர்மாம்பா மாமி ரிக்‌ஷாவுக்குக் காசு கொடுக்க மனசு வராம கோர்படியிலேர்ந்து கேம்ப் மார்க்கெட் வரைக்கும் நடந்தே போய்க் காய்கறி வாங்கிண்டு வர ஆசாமி. வரின்னு நான் சொல்லி வாயை மூடலை, மாமிக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. நம்மாத்துக் காசை கவர்மெண்டுக்கு எதுக்குக் கொடுக்கணும், தம்பி லீவை மாத்திண்டா ஆச்சுன்னு உடனே மஸ்கட்டுக்கு ஃபோன் போடச் சொன்னா. அந்த ஃபோனையும் பக்கத்தாத்துலேர்ந்துதான் போட்டா.

பட்டு முகத்துல சிரிப்பு வந்தது. தை வந்தா என்னடி பண்ணுவேன்னு கேட்டேன். பத்து வருஷம் முடிச்சாத்தான் பிற்காலத்துல மாசாமாசம் பென்ஷன் வரும், அதுக்கு முன்னாடி விட்டா அது போச்சுன்னு சொல்லுவேன்னா. சரி, பத்து வருஷமும் ஆன பின்னாடி? அப்போ வேற ஏதாவது ரூல் இருக்கும்க்காங்கறா. ஆயுசு முழுக்க இப்படியே ஒப்பேத்தறதுன்னு தீர்மானம் பண்ணிண்டுட்டா கடன்காரி. இஷ்டமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பதிலா இத்தனை சுத்து.

எல்லாம் நன்னாத்தான் போயிண்டிருந்தது, எங்காத்துக்காரர் ஜம்புநாதன் வாயைத் திறக்கற வரைக்கும். இவருக்கு பேங்க்ல வேலை. அதனால வருமான வரி, கரண்ட் மீட்டர், பல்லி விழும் பலன் எல்லாத்துலயும் அபிப்பிராயம் உண்டு. ஆபீஸ்ல யார்கிட்டயோ கேட்டுண்டு வந்து, அந்த அஞ்சு வருஷ ரூலுக்கு ஒரு விலக்கு இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டார். உடம்பு முடியாம வேலையை விட்டாலோ, கம்பெனியையே மூடினாலோ, இல்லை ஊழியரோட கையை மீறின வேற ஏதாவது காரணத்தால வேலை போனாலோ, அஞ்சு வருஷம் ஆகாட்டாலும் வரி கிடையாதாம். இதைக் கண்டுபிடிச்சவர் முதல்ல என்கிட்டயாவது சொல்லக் கூடாதோ? நேரே சம்பந்தியாத்துக்கே போய் மாமிகிட்ட ஒப்பிச்சு, ரெண்டாவது டோஸ் காபியும் வாங்கிக் குடிச்சுட்டு வந்தார்.

மாமி அதைக் கப்புனு பிடிச்சுண்டா. ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் ஆறதும், அதுக்காக அவ வேலையை விடறதும் அவ கையிலயா இருக்கு? பெரியவா நம்ம கையில இருக்கு. அவ கையை மீறினது இதைத் தவிர வேற என்ன இருக்கு? அப்புறம் எங்கேர்ந்து வரி வந்தது? கல்யாணம் ஆவணியிலயேன்னு மறுபடியும் மஸ்கட்டுக்கு ஃபோன் போயிடுத்து.

வீட்டுக்கு வந்தவரை நான் என்ன சொன்னேன்னு இங்கே எழுத முடியாது. ஒரு வாரம் அவருக்கு ரசத்துல உப்புப் போடலை. நல்லதுதானே செஞ்சேன்னு அவர் திருதிருன்னு முழிச்சார். பட்டு என்கூடப் பேசறதையும் நிறுத்திட்டா. கட்டின புருஷனுக்காக நான் இதுவரைக்கும் வாங்கின திட்டு போறாதுன்னு இது வேற.

ஆனாலும் மாமி உஷார் பேர்வழி. வரி இல்லைன்னு கம்பெனிக்காரா வாயாலயே சொல்லிக் கேட்டாத்தான் நம்புவேன்னுட்டா. ஆக, ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமி, சூரி, இவர், நான் எல்லாருமா ஹடப்ஸருக்குப் படையெடுத்தோம். பி.எஃப். பார்க்கறவர் பேர் தாம்லே. பட்டுவுக்கு மேலதிகாரியும் அவர்தான். அப்போதான் டப்பாவைத் திறந்து வச்சிண்டிருந்தார். நாலு பேர் வந்து வரிசையா நிக்கறதைப் பார்த்து ஏக்கத்தோட மூடி வச்சார். பட்டு அவர் மேஜைக்குப் பக்கத்துல தலையைக் குனிஞ்சுண்டு நின்னா.

மாமி ரயில்வே காலனி ஹிந்தியில தன் வாதத்தை எடுத்து விட்டா. தாம்லே பொறுமையாக் கேட்டுண்டார். கல்யாணத்துக்காக வேலையை விடற பொண்ணுக்கு மத்தவா மாதிரி ரெண்டு மாசம் காத்திருக்க வேண்டாம், பணம் உடனே கிடைக்கும்னார். மாமி எங்க எல்லாரையும் ஜெயிச்சுட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தா. ஆனா சீக்கிரம் கிடைக்கறது வேற, வரி இல்லாம கிடைக்கறது வேறன்னார் அவர். கையை மீறின காரணம்னா, நாளைக்கு வருமான வரிக்காரன் வந்து கேட்டா நான் எதைக் காட்டறது? டாக்டர் எழுதிக் கொடுத்தா உடம்பு சரியில்லைன்னு காட்டலாம். இதுக்கு, இந்தப் பொண்ணுக்கு விட இஷ்டமில்லை, நாங்கதான் வற்புறுத்தி விட வச்சோம்னு வற்புறுத்தினவா யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். கொடுத்தாலும் அவன் ஒத்துப்பான்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா அனுப்பிப் பார்க்கலாம். இப்படிச் சொல்லிட்டு ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் மாமி பக்கம் தள்ளினார்.

மாமி பேனாவை எடுத்தா. வச்சா. மறுபடியும் எடுத்து, மூடியைத் திறந்து, காகிதத்தையே பார்த்துண்டிருந்தா. வற்புறுத்தினேன்னு எப்படி எழுதறது, நாளைக்கு நாலு பேர் பார்த்தா தர்மாம்பா மாட்டுப்பொண்ணைக் கொடுமைப்படுத்தறான்னுதானே சொல்லுவான்னு முனகினா. சூரிகிட்டத் தள்ளி, நீதானே கட்டிக்கப் போறே, நீ எழுதுன்னா. சூரி முதல் தடவையா வாயைத் திறந்தான். நான் ஒண்ணும் விடச் சொல்லலையேம்மான்னான். மாமி இவரைப் பார்த்தா. இவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

சரி, அப்போ யாருமே வற்புறுத்தலைன்னு வச்சுக்கலாம், அவளா இஷ்டப்பட்டு விடறா, வரியைப் பிடிச்சுக்கறேன்னு தாம்லே ஒரு தாளை இழுத்தார். எழுதறதுக்கு முன்னாடி சும்மா ஒரு சம்பிரதாயத்துக்காகப் பட்டு பக்கம் திரும்பி மராட்டியில கேட்டார், உன் சொந்த இஷ்டத்துலதானே விடறேன்னு.

"நாஹி." இல்லைன்னுட்டா பட்டு.

அன்னிக்கு இதே ஆபீஸ்ல சேல்ஸ்மேனை வாங்கு வாங்குன்னு வாங்கின அதே குரல். தலையையும் நிமிர்த்திண்டுட்டா.  எனக்குக் கல்யாணம் நின்னுடுமோன்னு பயம் ஒரு பக்கம், ஓடிப்போய் அவளைக் கட்டிக்கணும்னு ஆசை ஒரு பக்கம்.

மாமிக்குக் கோபம் வரலை. நிஜமாவே ஆச்சரியப்பட்டுப் போயிட்டா. "ஏண்டி பட்டு, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதோ?"

"நீங்க யாரும் கேக்கலையே மாமி."

மாமி தாம்லே பக்கம் திரும்பினா. வேலையை விடலைன்னா வரி எவ்வளவுன்னு விசாரிச்சா. பணத்தை எடுத்தாத்தானே வரி, எடுக்காம இருந்தா அது பாட்டுக்கு வட்டியோட வளரும், வரி ஒண்ணும் இல்லைன்னார் அவர். மாமி பேனாவை மூடி அவர் கையிலயே கொடுத்துட்டு எழுந்துண்டா. அப்போ அது அங்கேயே இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்கோன்னுட்டா.

கல்யாணம் ஆவணியிலயே நடந்தது. பட்டு பதினஞ்சு நாள் லீவு போட்டுட்டுத் திரும்பி வேலைக்குப் போனா. கோர்படியிலேர்ந்து ஹடப்ஸருக்கு ஒரே பஸ். இப்போ ரெண்டாயிரத்தி ஏழு, இன்னும் போறா. தாம்லே ரிடையர் ஆயிட்டார், அந்த மேஜையில இவதான் உட்கார்ந்திருக்கா. வீட்டுல இன்னிக்கும் அதிகம் பேச மாட்டா. ஆனா காலனியில யாராவது மாட்டுப்பொண்ணை வேலையை விடச் சொன்னா, தர்மாம்பா மாமியே வாசல்ல நின்னுண்டு, வரி பிடிச்சுடுவாண்டி, மொதல்ல அவ இஷ்டத்தைக் கேளுன்னு சத்தம் போடறா.

அந்தச் சனிக்கிழமை ஹடப்ஸர்லேர்ந்து இவரும் நானும் ஒரு ரிக்‌ஷாவில திரும்பினோம். பரவாயில்லை, நல்லபடியா முடிஞ்சுது, நான் அந்த விலக்கைக் கண்டுபிடிச்சதாலதான் எல்லாம்னு இவர் சொல்லிண்டே வந்தார்.  கல்யாணத்துக்கு முன்னாடி நான் கேம்ப்ல ஒரு ஸ்கூல்ல நாலு வருஷம் டீச்சரா இருந்தேன். "நான் வேலையை விட்டேனே, அது யார் இஷ்டம்?"னு கேட்டேன்.

எதைக் கேட்டாலும் பதில் வச்சிருக்கற மனுஷன். வீடு வந்து சேர்ற வரைக்கும் ரிக்‌ஷா மீட்டரையே பார்த்துண்டு வந்தார்.