கேப்டன் ஆடாத இறுதி ஆட்டம்

சென்னையிலிருந்து வரும் கல்லூரி அணிகளுக்கு எங்களைப் பார்த்ததும் சிரிப்புதான் வரும். எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேரிடம்தான் வெள்ளைக் கால்சட்டை இருந்தது. மற்றவர்களுக்குக் காக்கி. முதல் ஆட்டம் முடிவதற்குள் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியாது. அறுபதுகளின் கடைசியில், நான் படித்த மூன்று வருஷமும் எங்கள் கல்லூரிப் பூப்பந்து அணி காஞ்சிபுரத்து மண்ணில் யாரிடமும் தோற்றதில்லை. கடைசி வருஷம் நான்தான் கேப்டன். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தலை நிமிர்கிறது. நிமிரட்டுமே, என்ன குறைந்துவிட்டது?

எங்களில் மூன்று பேர் பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இரண்டு பேர் ஐயம்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம், சைக்கிளில் வருவார்கள். தறிவேலை இருக்கிறவனுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஆனால் அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. அன்றைக்கு வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்த மஞ்சள் கம்பளிப் பந்தை அடித்துக்கொண்டே இருப்போம். 'அமாவாசை டீம்' என்று கல்லூரியே கேலி செய்தது. கேலி செய்தவர்கள்தான் நாங்கள் ஜெயித்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஆடவும் செய்தார்கள்.

அந்த வருஷம் பல்கலைக்கழக இறுதி ஆட்டம்வரை போய்விட்டோம். ஆட்டம் சென்னையில். நாள் குறித்தவர்கள் பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் இல்லை போலிருக்கிறது, அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் வைத்துவிட்டார்கள்.

எங்கள் அணியின் பலமே நடுவில் நிற்கிற நெட்டையன்தான். எம்பி ஒரு வெட்டு வெட்டினான் என்றால் எதிரில் நிற்பவன் பந்தைத் தரையில்தான் பார்ப்பான். ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் மைதானத்துக்கு வந்து, மட்டையை என் கையில் கொடுத்தான்.

"நான் நாளைக்கு வரலைபா. அண்ணனுக்கு நாலு நாளா ஜுரம். முகூர்த்தப் பொடவை தறியில இருக்குது. நாளைக்குச் சாயங்காலம் அறுத்துக் குடுக்கணும். அப்பா பக்கத்துல உக்கார வேற ஆளு இல்ல."

புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஓர் ஆளால் நெய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, ஒவ்வோர் இழைக்கும் கரை நூல் வைத்த நாடாவைக் கையால் தள்ளி ஓட்டி, உடலோடு கோக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் இதே வேலைதான். எல்லாம் தெரிந்தும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இத்தினி நாளா வாயில என்னா வெச்சிருந்தே?" என்று கத்தினேன். அவன் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டான்.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவன் இல்லாமல் போனால் தோல்வி நிச்சயம். நான் இல்லாவிட்டால் ஆறாவது ஆட்டக்காரன் இருக்கிறான், சமாளித்துவிடலாம். யோசிக்க யோசிக்க இதுதான் சரி என்று பட்டது, அதனாலேயே எரிச்சலாகவும் இருந்தது.

விடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிடா. நான் உக்காந்துக்கிறேன். உனக்கு ஏழு மணி பஸ்ஸு."

"கேப்டன் இல்லாம எப்பிடிபா?"

"பாயிண்ட்டு எடுக்கிறது நீதானே? போடா."

அவன் அப்பா என்னைப் பார்த்தார், தறியைப் பார்த்தார். பிறகு, "கோக்கத் தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டார். அவர் ஒரு ஆட்டமும் பார்த்தவர் இல்லை. மகன் பந்து தட்டப் போகிறான் என்று சலித்துக்கொள்கிறவர். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. மத்தியானம்வரை எழுந்திருக்காமல் ஓட்டினோம்.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும். அதன்பிறகு என் கை தறியில், மனசு சென்னையில். யாரோ எனக்குப் பந்தைத் தூக்கிப் போடுவதுபோல இருந்தது, நாடாவை ஒரு விசிறு விசிறினேன். அது தறிக்குக் கீழே கால் வைக்கிற குழிக்குள் போய் விழுந்தது. குனிந்து எடுக்கும்போதுதான் பார்த்தேன், கடைசி நாலு இழையில் கரை உடலோடு சேரவே இல்லை. முகூர்த்தப் புடவையில் பிளவு! எனக்கு உடம்பே கூசியது.

அவர் திட்டவில்லை. நாலு இழையையும் நிதானமாகப் பிரித்தார். பிரித்தபடியே, "எத்தினி எடுத்தா ஜெயிப்பு?" என்றார்.

"இருபத்தொம்பது."

"இப்போ எத்தினி எடுத்திருப்பானுங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும், "பதினஞ்சு இருக்கும்" என்றேன்.

"அப்போ இன்னும் பதினாலு இருக்குது. உம், ஓட்டு."

அதற்கப்புறம் என் கை தவறவில்லை.

சாயங்காலம் புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டு, ராத்திரிவரை அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தேன். தெருமுனையில் கூச்சல் கேட்டது. நெட்டையன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். இரண்டு அணியும் ஆளுக்கொரு ஆட்டம் எடுத்து, மூன்றாவதில் இருபத்தொன்பதுக்கு இருபத்தேழு. கட்டிக்கொண்டு குதித்தேன். பெருமையில் நெஞ்சு விம்மியது நிஜம். அந்தக் கடைசி இரண்டு புள்ளியை நான் பார்க்கவில்லையே என்ற பொறாமையும் நிஜம். சான்றிதழ் ஆடிய ஐந்து பேருக்குத்தான் வந்தது. என்னிடம் அந்த ஆட்டத்தின் அத்தாட்சி ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

அடுத்த வாரம் ஆறு பேரும் காமாட்சியம்மன் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். புதுக் கல்யாண ஜோடி ஒன்று உறவுக் கூட்டத்தோடு உள்ளே போனது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. எனக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்தது. பிளவு விழுந்த இடம் எங்கே என்று கண் தானாகத் தேடியது. ஒன்றும் தெரியவில்லை.

நெட்டையன் மற்ற நாலு பேரையும் இழுத்து நிறுத்தினான்.

"அங்க பாருங்கடா. நம்ம கேப்டனோட கப்பு போவுது."

ஐந்து பேரும் கைதட்டினார்கள். மணப்பெண் யாருக்கென்று தெரியாமல் திரும்பிப் பார்த்தாள்.