ஊட்டா என்றால் இட்லி இல்லை

காலை ஒன்பது இருபதுக்கு அந்த நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம். ஆனேக்கல் பக்கத்து விவசாயி, ஹெர்னியா ஆபரேஷன். சார்ட்டில் 'என்பிஓ', அதாவது வாய்வழியாக எதுவும் போகவில்லை என்று எழுதியிருந்தவள் முத்துச்செல்வி. தென்காசிக்காரி, பெங்களூருக்கு வந்து ஐந்து வாரம். என் பொறுப்பில் பயிற்சியில் இருந்தாள். சரிபார்த்ததாகக் கீழே என் கையெழுத்தும் இருந்தது.

லிஃப்ட் வாசலில் அவர், "உங்க கேண்டீன் இட்லி கல்லு, சிஸ்டர்" என்றார்.

"எப்ப சாப்பிட்டீங்க?"

"ஏழு மணிக்கு. எரடே எரடு." ரெண்டே ரெண்டுதானாம்.

ஸ்ட்ரெச்சரைத் திருப்பினோம். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மயக்க மருந்து டாக்டர் போனில், "உங்க பிள்ளைங்க கேக்காமலே எழுதுறாங்களா?" என்றார்.

செல்வி அழவில்லை. "மூணு தடவ கேட்டேன் சிஸ்டர், 'ஊட்டா ஆயித்தா'ன்னு. மூணு தடவையும் இல்லன்னுதான் சொன்னாரு."

அவர் சொன்னது பொய்யில்லை. கன்னடத்தில் ஊட்டா என்பது சோறு, களி என்று முழுச் சாப்பாடு. காலையில் சாப்பிடும் இட்லிக்குப் பேர் திண்டி, அதாவது சிற்றுண்டி. புதிதாக வருகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் கன்னடத் தாளில் ஏழாவது வரி: 'சாப்பிட்டீர்களா – ஊட்டா ஆயித்தா.' நான் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். இரண்டும் வேறு என்று எனக்குத் தெரியும். தாளில் எழுதவில்லை.

இன்சிடென்ட் ஃபார்மில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட், 'காரணம்: புதிய நர்ஸின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டார். அது அப்படியே போனால் செல்விக்கு வேலை நிரந்தரமாகாது.

"அந்த வரிய அடிச்சிடுங்க மேடம். தாள் என்னுது. கையெழுத்தும் என்னுது. நான் அவரைக் கேக்கவே இல்ல."

"பத்தொன்பது வருஷ சர்வீஸ். உங்க ஃபைல்ல மெமோ ஏறும். யோசிச்சு சொல்லுங்க."

"ஏறட்டும் மேடம்."

ஏறியது.

ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போயிருந்தது. காலையில் செல்வி அந்த விவசாயியிடம் ஊட்டா, திண்டி, காபி, தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை. "வாயத் திறங்க" என்றாள். கன்னத்தில் வெற்றிலை.

"இது சாப்பாடா தாயி? சும்மா அடக்கி வச்சிருக்கேன்."

துப்ப வைத்து, டாக்டருக்குத் தகவல் சொல்லி, அவர் சரி என்ற பிறகு பதினொரு மணிக்கு அனுப்பினோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாதக் கடைசியில் செல்விக்கு வேலை உறுதியானது.

வெற்றிலை என் தாளில் எந்த வரியிலும் இல்லை. இப்போது புதியவர்களுக்குத் தாளை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. அவர்கள் கேட்கும்போது கட்டிலருகே நின்று, நோயாளி சொல்லும் பதிலை நானும் கேட்கிறேன். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.