பதினோரு டீமும் ஒரு பர்மனென்ட் வேலையும்

கரூரில் ஒரு முறை என்னை 'நமது மண்ணின் மைந்தர்' என்று மைக்கில் அறிமுகப்படுத்தினார்கள். அன்று மதியம் இரண்டரை மணிக்குத்தான் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வாழ்க்கையில் முதல் தடவையாக இறங்கியிருந்தேன். நல்ல சாப்பாடு எந்த ஓட்டலில் கிடைக்கும் என்றுகூடத் தெரியாத மண்ணின் மைந்தன். கூட்டம் கைதட்டியது, நானும் ஒரு கும்பிடு போட்டேன். அதே மாதத்தில் தாராபுரத்திலும் உடுமலையிலும் அந்தந்த மண்ணுக்கு மைந்தனாக இருந்தேன். சொந்த ஊரான சூலூரில் மட்டும் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அங்கே நான் தறிக்காரர் வீட்டு நெட்டைப் பையன், அவ்வளவுதான்.

எனக்குக் கூடைப்பந்து வருவதற்கு முன்னால் உயரம் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு காலைப் பிரார்த்தனையில் தலைகள் எல்லாவற்றுக்கும் மேலே என் தலை தெரிந்ததைப் பார்த்து, பி.டி. மாஸ்டர் வரிசையிலிருந்து வெளியே இழுத்தார். அதுவரை அந்த உயரத்துக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே உபயோகம் ஸ்டூல் போடாமல் ஃபேன் துடைப்பது. அதற்குப் பிறகு கல்லூரியில் இடம் பந்தால் கிடைத்தது. ஹாஸ்டலில் முட்டையும் பந்தால் கிடைத்தது. பட்டம் கிடைத்ததில் என் படிப்புக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று இன்றைக்கும் வீம்புக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் நெட்டையாக வளர்ந்த பந்தாட்டக்காரன் கல்லூரியை முடித்தால் அவனுக்கு இரண்டே வழி. ஒன்று, ஏதாவது அரசாங்க ஆபீஸிலோ பேங்கிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்து அவர்கள் டீமில் ஆடுவது. காலையில் பிராக்டிஸ், பத்து மணிக்குக் கையெழுத்து, அறுபது வயது வரை கவலையில்லை. அது கிடைக்காதவர்கள் கெஸ்ட் பிளேயர் ஆவார்கள். ஊர்த் திருவிழாவை ஒட்டி, கம்பெனி ஆண்டு விழாவை ஒட்டி கோயம்புத்தூரிலிருந்து கரூர் வரை டோர்னமென்ட்டுகள் நடந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு டீமும் இரண்டு மூன்று வெளியாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். போன் வரும். ஷூவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். பனியன் அவர்களே தருவார்கள். அது எனக்கு எப்போதும் ஒரு சாண் குட்டையாக இருக்கும்.

ஆறு வருடத்தில் பதினோரு டீமுக்கு ஆடினேன். ஒரு ஸ்பின்னிங் மில், ஒரு நகைக்கடை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஒரு என்ஜினியரிங் கல்லூரிக்கு மூன்று நாள் மட்டும் மாணவனாக இருந்தேன். ஒரே ஒரு சீசன் நடந்து காணாமல் போன தனியார் லீக் ஒன்றில் என் முகத்தைப் போஸ்டரில்கூடப் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில், தேர்தலில் நிற்கிறேனா என்று கேட்டார்கள்.

இதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. "எங்க கொண்டுபோய் உட்டாலும் ஒரே நாள்ல செட் ஆயிருவாப்ல" என்பார்கள். உண்மைதான். ஐந்து மணிக்கு டீமோடு கை குலுக்கி, ஐந்தரைக்கு அவர்கள் ஆட்ட முறைகளைக் கேட்டு, ஆறு மணிக்கு அவர்களோடு பிறந்து வளர்ந்தவன் மாதிரி ஆடுவேன். வேறு எதிலும் நான் அப்படியொன்றும் கெட்டிக்காரன் இல்லை. இதில் எனக்குக் கர்வமே இருந்தது.

பதினோரு டீமில் ஒன்றே ஒன்றில்தான் இரண்டு சீசன் முழுக்க இருந்தேன். அது ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி. அதன் கோச் திருமணமாகாத பெரியவர், பேச்சு குறைவு. எதிரணிக்குப் புரியக்கூடாது என்று ஆட்ட முறைகளுக்கெல்லாம் பஸ் போகிற ஊர்களின் பெயரை வைத்திருந்தார். ஊட்டி என்றால் ஒன்று, பழனி என்றால் ஒன்று. பொள்ளாச்சி என்றால் எனக்கு வேலை. கூடைக்குக் கீழே நிற்கும் நெட்டையன் ஃப்ரீ த்ரோ கோட்டின் இடது முனைக்கு ஓடி, கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு சுவராக நிற்க வேண்டும். நம் ஆள் அந்தச் சுவரை உரசிக்கொண்டு ஓடுவான். அவனைத் துரத்தி வரும் எதிரணி ஆள் சுவரில் மோதி நின்றுவிடுவான். நம் ஆள் நிம்மதியாக எறியலாம். காலை ஐந்தரை மணிக்கு, கண்ணில் தூக்கம் போகாமல், அந்த சிமென்ட் தரையில் இரண்டு வருடம் பொள்ளாச்சி போயிருக்கிறேன். அவர் வாயிலிருந்து 'பொ' வரும்போதே கால் கிளம்பிவிடும்.

அந்தக் கம்பெனியும் ஒரு நாள் ஆட்குறைப்பு என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டது. மறுபடியும் பையைத் தோளில் போட்டேன்.

இதற்குள் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்ற கேள்விக்கு என் அம்மா முதலில் "பாஸ்கெட்பால் பிளேயருங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "அது சரிங்க, வேலை?" என்று திருப்பிக் கேட்டார்கள். நான்கு இடம் அப்படியே நின்றுபோனது. ஐந்தாவதாகத் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு இடம் வந்தது. தென்னந்தோப்பு வைத்திருந்த மனிதர், ஒரே பெண். ஜாதகம் பொருந்தியது. போய்ப் பார்த்தோம். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து, நிஜமாகவே கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "உங்க ஊட்டுக் கதவு நெலவெல்லாம் எத்தன உசரமுங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம் அதைச் சொல்லாமல் மழை வருமா என்று பேசிக்கொண்டு வந்தேன்.

பெண்ணின் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பர்மனென்ட் ஆயிருமுங்களா தம்பி?"

"இந்த வருசத்துக்குள்ள ஆயிருமுங்க" என்றேன்.

பொய் சொல்லவில்லை. நகரத்தில் ஒரு பெரிய அரசாங்க ஆபீஸில் விளையாட்டு வீரருக்கென்று ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த ஒரு டோர்னமென்ட்டில் தங்கள் டீமுக்கு கெஸ்டாக ஆடச் சொல்லி மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். மூவரில் நன்றாக ஆடுகிற ஒருவருக்கு வேலை. ஐப்பசி பிறந்தால் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அப்போது ஆவணி. இதை விட்டால் வேறு எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், தொண்டாமுத்தூருக்கும் தெரியும்.

ஃபைனல் வரை வந்தோம். அதுவரை மூன்று பேரில் நான்தான் முன்னால் இருந்தேன். ஆபீஸின் விளையாட்டு அதிகாரியே என் முதுகில் தட்டி, "நாளைக்கும் இப்படி ஆடுப்பா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னார். ஃபைனலில் எதிரணி யார் என்று பார்த்தால் என் பழைய பம்ப் கம்பெனி.

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். "நீ அங்க இருந்தவன்தானே, அவங்க ரகசியமெல்லாம் உனக்குத் தெரியுமே" என்றார். தெரியும். ஒரு பேப்பரில் ஊட்டி, பழனி, பொள்ளாச்சி எல்லாவற்றையும் படம் வரைந்து கொடுத்தேன். எங்கள் டீமில் குட்டையாக, வேகமாக ஓடும் ஒருவன் இருந்தான். வேலைக்குக் காத்திருந்த மூவரில் அவனும் ஒருவன். அவனுக்குத் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். "பொள்ளாச்சின்னு சத்தம் கேட்டா அவங்க நெட்டையன் மேல ஒரு கண்ணு வெச்சுக்க. அவன் எங்க போய் நிக்கறானோ, அதைச் சுத்திப் போ." அவன் நல்ல மாணவன். அப்படியே மனதில் வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம். பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டியில் வந்து, கேலரியின் முதல் வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் அவர் பார்க்கிற முதல் கூடைப்பந்தாட்டம் அது. பந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிய எட்டு விநாடி. நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். பந்து அவர்கள் கையில். அந்த எட்டு விநாடி தடுத்துவிட்டால் கோப்பை, கோப்பையோடு வேலை, வேலையோடு கல்யாணம். இவ்வளவும் என் மனதில் அப்போதே ஓடியது. ஓடியிருக்கக் கூடாது. அதே நேரத்தில் எதிரணி பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வந்தது. ஊர்ப் பெயர்களை மாற்றவே இல்லை மனிதர்.

"பொள்ளாச்சி!"

நான் கிளம்பிவிட்டேன்.

யோசித்திருந்தால் நின்றிருப்பேன். யோசிக்கிற இடத்துக்கே விஷயம் போகவில்லை. கூடைக்கடியிலிருந்து இடது முனைக்கு ஓடினேன். கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டினேன். சுவராக நின்றேன். அவர்களுடைய நெட்டையன் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்து, பஸ்ஸில் தன் ரிசர்வேஷன் சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவன் போல முழித்தான். எங்கள் குட்டையன் நான் சொல்லிக்கொடுத்தபடியே அவர்கள் நெட்டையன் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு முழு வேகத்தில் வந்து என் நெஞ்சில் மோதி மல்லாந்து விழுந்தான். அவன் துரத்திக்கொண்டிருந்த ஆள் என்னை உரசிக்கொண்டு போய், ஆற அமர எறிந்தான். பந்து வலைக்குள் இறங்கியது. ரெஃபரி விசிலை வாய்க்குக் கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். தன் டீம் ஆளையே தடுப்பவனுக்கு எந்தப் புத்தகத்திலும் ஃபவுல் கிடையாது.

அந்த நொடியில் மைதானத்தில் கைதட்டியவர் ஒரே ஒருவர். முதல் வரிசையில், குடையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு.

ஆட்டம் முடிந்ததும் பம்ப் கம்பெனி கோச் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் என்னை ஒரு தடவைகூடப் பாராட்டாதவர். "இப்பத்தாந் தம்பி சரியான எடத்துல நின்ன. அங்க இருக்கறப்ப எல்லாம் அரையடி தள்ளித்தான் நிப்ப" என்றார். கிண்டல் இல்லை. மனிதர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

வெளியே பெண்ணின் அப்பா காத்திருந்தார். "மோதுன வேகத்துக்கு அந்தப் பையன் தெறிச்சு உழுந்தானுங்களே. நீங்க அசையவே இல்லீங்க. எங்க தோட்டத்துக்கு ஆனை வந்து நின்னாப்பல இருந்துச்சுங்க" என்றார். பிறகு ஸ்கோர் போர்டைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, அந்தப் பையன் அவிய ஆளுங்களா, நம்ம ஆளுங்களா?"

"நம்ம ஆளுதானுங்க."

"சரிங்க" என்றார். குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். மழை இல்லை.

வேலை, மல்லாந்து விழுந்த குட்டையனுக்குக் கிடைத்தது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நெடுநாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தது. அதிகாரி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பம்ப் கம்பெனி எனக்குக் காசு கொடுத்துவிட்டது என்று ஆபீஸில் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அப்படி ஒரு காரணமாவது இருந்திருந்தால் தேவலை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

எங்கள் பக்கம் ஒரு சம்பந்தம் வேண்டாமென்றால் யாரும் நேரில் வந்து சொல்ல மாட்டார்கள். தரகரிடமிருந்து போன் வரும். பொருந்திய ஜாதகம் மறுபடி பார்த்ததில் பொருந்தாமல் போயிருக்கும். யார் மனதும் நோகாது, பழி கிரகத்துக்கு. நாங்களும் அந்தப் போனுக்குத்தான் காத்திருந்தோம். பத்து நாள் கழித்து அவரே வந்து நின்றார். அப்பா தறிக்குப் போயிருந்தார். அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஜாதகத்து மேல பழி போட எனக்கு மனசு வல்லீங்க தம்பி. வேலை கெடைக்கலீன்னும் வரலீங்க. வேலை இன்னைக்கு இல்லீனா நாளைக்கு, தோட்டம் இருக்குதுங்க, ஒரு வாயிச் சோத்துக்குப் பஞ்சமில்லீங்க. அம்மணிகூட அதத்தான் சொன்னாளுங்க."

அந்தப் பெண் அப்படிச் சொன்னாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அன்னைக்கு ஊட்டுக்குப் போயும் எனக்கு அதே ரோசனைங்க. வேணுமுன்னு பண்ணலீங்க நீங்க, அது எனக்குத் தெரியுதுங்க. ஆனா ஒரு அவசரத்துல உங்க காலு தானா அக்கட்ட போயிருச்சுங்களே. நாளைக்கு எம்புள்ளைக்கு ஒரு அவசரமுன்னா அந்தக் காலு எந்தப் பக்கம் போகுமுன்னு எனக்குச் சொல்லத் தெரியலீங்க."

ஆறு வருடமாக என்னைப் பாராட்டியவர்கள் எல்லோரும் எதற்காகப் பாராட்டினார்களோ, அதைத்தான் அவரும் சொன்னார். அவர் குடித்து வைத்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில், வந்த மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசாமல் போகக் கூடாது என்பது போல நின்று கேட்டார்.

"அடுத்து ஆட்டம் எங்கீங்க தம்பி?"

"சனிக்கிழமை ஈரோட்டுலங்க."

"யாருக்காக ஆடுறீங்க?"

"இன்னும் சொல்லலீங்க. அங்க போனாத்தானுங்க தெரியும்" என்றேன்.