பெரட்டு என்றால் புரட்டு

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அந்தச் சனிக்கிழமை நான் மேசையில் ஓங்கிக் குத்தியதில் கணினி ஒரு துள்ளுத் துள்ளியது. எதிரே அக்கா உட்கார்ந்திருந்தாள். மழையில் வழுக்கி விழுந்து அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை.

அவளுக்கு நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை. யார் யார் எந்த மலையில் கொழுந்தெடுக்க வேண்டும் என்ற பட்டியலை விடிந்ததும் கணினியில் திறந்து, தேதி மாற்றி, பிரிண்ட் எடுத்து, கங்காணிகளின் போனுக்கும் அனுப்ப வேண்டும். ஆட்கள் கூடி நின்று வேலை வாங்கிக்கொண்டு போகும் இடம் பெரட்டு; இங்கிலீஷ் 'பரேட்' எங்கள் வாயில் அப்படி ஆனது. அதனால் அது பெரட்டு லிஸ்ட். இடது கையால் தட்டி அவள் அதை முடிப்பதற்குள் பெரட்டே கலைந்துவிடும். ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழம நேரத்துக்கு லிஸ்ட் வரணும். இல்லாட்டி வேற புள்ள பாத்து வச்சிருக்கேன்." பன்னிரண்டு வருஷம் உழைத்தவளிடம் பேசுகிற பேச்சா இது!

நான் ஹட்டனில் கணினி பழுது பார்க்கிறவள். அக்காவின் அந்தப் பட்டியல் வேலை முழுவதையும் ஒரே கணினி ஸ்கிரிப்டாக எழுதினேன். ஒரு சொல்லைச் சொன்னால் அது தானாக ஓடும்படி, கணினியின் குரல் உதவியாளருக்குக் கட்டளையும் வைத்தேன். 'பெரட்டு' என்பதுதான் கட்டளை.

அக்கா சொன்னாள். திரையில் 'புரட்டு' என்று விழுந்தது. மறுபடி சொன்னாள். 'புரட்டு'. மூன்றாவது முறை 'பரோட்டா'.

"ஒழுங்கா சொல்லேன்க்கா!" என்று கத்தினேன்.

"இதுக்கு மேல எப்படிடி ஒழுங்கா சொல்றது? பொறந்ததுல இருந்து இப்படித்தான் சொல்றேன்."

'லிஸ்ட்' என்று மாற்றினேன். ஆபீசில் யார் லிஸ்ட் என்றாலும் பிரிண்டர் ஓடுமே! 'பணிப் பட்டியல்' என்று மாற்றினேன். அக்கா அதைப் பள்ளிக்கூடப் பாடம் போல ஒப்பித்தாள். அதற்கும் அந்தச் சனியன் அசையவில்லை. கொழும்பில் நான் படித்தபோது என் பேச்சைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்த வகுப்பு நினைவுக்கு வந்தது. "தமிழை ஒழுங்காப் பேசு" என்ற வாத்தியாரும் வந்தார். அதே வார்த்தையைத்தான் நான் அக்காவின் முகத்துக்கு நேரே வீசியிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சரி, அது எப்படிக் கேட்கிறதோ அப்படியே கேட்டுத் தொலையட்டும். 'புரட்டு' என்பதையே கட்டளையாக்கினேன். கூடவே 'பரோட்டா'வையும் சேர்த்தேன். அக்கா "பெரட்டு" என்றாள். பட்டியல் திறந்து, தேதி மாறி, என் போனுக்கு வந்து நின்றது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நானும் கூடப் போய், அதை ஆபீஸ் கணினியில் ஏற்றினேன். கிளாக்கர் பார்த்துக்கொண்டு நிற்க, அக்கா சொன்னாள். அச்சடித்த தாள் வந்தது. நல்லது என்று ஒரு வார்த்தை வந்திருக்கலாமே அந்த மனுஷன் வாயில்!

"அப்ப நானே சொல்லிக்கிறேன். இதுக்கு எதுக்கு ஒரு ஆளு?"

அவர் குனிந்து, "பரேட்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், "பரேட்." எங்களைப் போல 'பெரட்டு' என்று சொல்ல அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"இத என் வாய்க்கு ஏத்த மாதிரி மாத்திக் குடு, புள்ள."

ரெண்டு நிமிஷ வேலை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"அது மாத்த ஏலாதுங்க ஐயா. ஒருக்கா வச்சா வச்சதுதான்."

சனிக்கிழமை முழுக்க நான் அதை மாற்றி மாற்றி வைத்ததைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் அவள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இடது கையால் தாள்களை அள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள்.

கிளாக்கர் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றேன். "ஏலாது."